பரணில் கிடைத்த கட்டாரி: புளி போட்டுத் தேய்க்கும் முன்

கேள்வி: "பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு குத்துவாள் கிடைத்தது. பிடியில் ஏணிப்படி மாதிரி இரண்டு குறுக்குக் கம்பிகள். மேலே இலை போல வளைந்த ஒரு இரும்புத் தகடு. எல்லாம் கறுத்துப்போய், அங்கங்கே துரு. இது கட்டாரிதானா? எவ்வளவு பழசு? தேய்த்துப் பளபளப்பாக்கி ஹாலில் மாட்டலாமா? விற்றால் என்ன பெறும்?"

பதிலைப் படித்து முடிக்கும்வரை அதன்மேல் ஒரு துணியைக்கூட ஓட்டாதீர்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பழைய ஆயுதங்களைப் பார்ப்பதும் பராமரிப்பதுமாக இருக்கிறேன். துருவால் கெட்டவற்றைவிட, தேய்த்துக் கெடுத்தவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டெல்டா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இதே போன்ற கட்டாரியைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. வீட்டுப் பையன் இரண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்திருக்கிறான், பாவம், ஆசையாகத்தான். தேய்ப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்று அவர்கள் செல்போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகின் நடுவே நீளவாட்டில் ஓடும் பள்ளத்துக்குள், பிடியை ஒட்டி, வரிசையாகச் சில எழுத்துகள் தெரிந்தன. முதல் எழுத்து ரோமன் எழுத்து 'எஃப்' என்று நிச்சயமாகச் சொல்லலாம். அடுத்தது பாதிதான் தெரிந்தது. கையில் இருந்த அலகில் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, ஒன்றும் இல்லை. அந்த எழுத்துகள் ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், நீங்கள் விவரிப்பது கட்டாரியேதான். அதிலும் அந்த இலை போன்ற தகடு இருப்பதால் நம் தென்னாட்டு வகை. மற்றக் குத்துவாள்களில் பிடியும் அலகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். கைப்பிடிக்குள் கத்தியைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். கட்டாரியில் பிடி குறுக்கே கிடக்கிறது. குறுக்குக் கம்பிகளை முஷ்டியால் பற்றினால், இருபக்கச் சட்டங்களும் மணிக்கட்டைத் தாண்டி முன்கையோடு ஒட்டி நிற்கும். அலகு கையின் நீட்சியாகவே முன்னால் போகும். குத்தும்போது மணிக்கட்டு மடங்காது, தோளின் மொத்த பலமும் நுனிக்குப் போகும். அந்தத் தகடு புறங்கையை மூடிக் காக்க வந்தது. பிற்காலத்து வட இந்தியக் கட்டாரிகளில் இந்தத் தகடு கிடையாது. அகலமான முக்கோண அலகும், பொன்வேலை செய்த பிடியும் இருக்கும். சிலவற்றில் நுனி மட்டும் தடித்துப் பருத்திருக்கும். சங்கிலிக் கவசத்தின் வளையங்களைப் பிளந்துகொண்டு இறங்குவதற்காக அப்படிச் செய்தார்கள்.

14-ஆம் நூற்றாண்டில் இங்கே பயணம் செய்த இபின் பதூதா, கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும், ஏர்க்கொழு போன்ற இரும்பு என்று இதை விவரித்திருக்கிறார். உழவு பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். முகலாயர்கள் ஜம்தர் என்றார்கள். விஜயநகரத்தில் 1485-இல் அரியணையைப் பிடித்த சாளுவ நரசிம்மரின் வம்சப் பட்டமே 'கட்டாரி சாளுவ' என்பதுதான். ஒரு அரச குலம் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற அளவுக்கு இந்த ஆயுதத்துக்கு இங்கே மரியாதை இருந்தது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்குப் போகிறவர்கள் பாயும் குதிரைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை குதிரைக்குக் கீழே நிற்கும் காலாள்களின் கைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குறுவாளையும் குத்துவாளையும் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதைச் சிற்பி எத்தனை கவனமாகச் செதுக்கியிருக்கிறான் என்று தெரியும்.

இந்த வகைக்கு உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் தஞ்சாவூர். காரணம், தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த ஆயுதங்கள் மராட்டியர் கைக்கு வந்து அங்கேயே கிடந்தன. 1855-இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி அரசு தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. 1860-களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். ஒரு பகுதியைப் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வேலைப்பாடு எடைக்கு எடை இரும்பாகப் போனது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. தப்பியவை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்ச் சேர்ந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935-இல் விட்டுப்போன தொகுப்பில், தகடு வைத்த தென்னாட்டுக் கட்டாரிகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மதியம் செலவழியுங்கள். அங்கே உள்ளவற்றைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். என் விளக்கத்தைவிட அது நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

எழுத்துகளுக்கு வருகிறேன். 16, 17-ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் பிடி மட்டும்தான் நம் ஊர் வேலை. அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த நீள வாள்களை, அவை உடைந்த பிறகோ உடைக்காமலோ, குறுக்கி எடுத்து இங்கே பிடியில் ரிவிட் அடித்துப் பொருத்தினார்கள். பரங்கி அலகு என்றால் தனி மதிப்பு. 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இப்படிக் கப்பல் வந்துபோன கரை இது. தஞ்சைக் கட்டாரிகள் சிலவற்றின் அலகில் 'ஆண்ட்ரியா ஃபெராரா' என்ற பெயர் வெட்டியிருக்கும். அவர் 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெல்லூனோ பக்கம் வாள் செய்தவர். அவர் பெயருக்கு இருந்த மதிப்பைப் பார்த்து ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த வாள்களிலும் அதையே பொறித்துத் தள்ளினார்கள். அதனால் பெயர் இருந்தால் அவரே செய்தது என்று துள்ள வேண்டாம். ஆனால் அந்த அலகு எந்தக் காலத்தில், எந்த வழியாக வந்தது என்று தேடுவதற்குப் பிடி கிடைத்துவிடும். சில அலகுகளில் நாலைந்து கீறல்களில் ஓடுகிற ஓநாய் ஒன்று இருக்கும். ஜெர்மனியின் பாசாவ் ஊர்க் கொல்லர்களின் முத்திரையாக ஆரம்பித்து சோலிங்கனுக்குப் போனது. அறியாத கண்ணுக்கு அது கீறல் மாதிரிதான் தெரியும். உப்புத்தாள் முதலில் தின்பது இந்தக் கீறல்களைத்தான். அந்தப் பையன் தேய்த்தது வெறும் அழுக்கையல்ல, அந்த அலகின் பிறப்புச் சான்றிதழை.

இப்போது உங்கள் கட்டாரியை எடுத்து ஜன்னல் ஓரமாக வாருங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் ஈரத்தில் உப்பு இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது நுனியையல்ல, அலகும் பிடியும் சேரும் இடத்தை. அங்கே ரிவிட் தலைகள் தெரிகின்றனவா? பழைய ரிவிட் சுத்தியால் அடித்து அமுக்கியது. தலை சரியான வட்டமாக இருக்காது, ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும். இணைப்பில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தால் பித்தளை உருக்கிப் பற்றவைத்தது, பழைய முறைதான். மணிமணியாக உருண்ட வெல்டிங் தெரிந்தால் புதிய கை பட்டிருக்கிறது. அதற்காக மனம் விட்டுவிடாதீர்கள், பழைய பொருளில் புதிய ரிப்பேராகவும் இருக்கலாம். அலகு ஒருமுறை உடைந்து, அந்தக் காலத்திலேயே மறுபடி ரிவிட் அடித்த கட்டாரி என்றால் எனக்குத் தனிப் பிரியம். யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் கொல்லனிடம் எடுத்துப் போயிருக்கிறார்.

அடுத்தது தகடு. தென்னாட்டு நல்ல வேலையில் இரும்பைக் குடைந்து கொடி, இலை, கிளி, யாளி என்று துளைவேலை செய்திருப்பார்கள். தகட்டின் மேல் நுனி பல நேரம் யாளித் தலையாகவோ வளைந்த மொட்டாகவோ முடியும். அலகு பிடியிலிருந்து புறப்படும் இடத்திலும் யாளி வாய் இருக்கலாம், அலகையே அது கக்குவது போல. லென்ஸ் வைத்து துளைகளின் உள்விளிம்பைப் பாருங்கள். அரத்தால் ராவிய கோடுகள், உளி நின்ற இடங்கள் தெரிந்தால் கைவேலை. எல்லா விளிம்பும் மழுங்கி உருண்டு, பரப்பில் ஊசிக் குத்து போல் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அச்சில் வார்த்தது. பிறகு தேய்மானம். முஷ்டி பிடிக்கும் குறுக்குக் கம்பியின் உள்பக்கம் வழவழப்பாகி, கை படாத மூலைகளில் வேலைப்பாடு கூர்மையாக நிற்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் யாரோ அவசரமாகப் பழசாக்கியிருக்கிறார்கள். துருவும் அப்படித்தான்: காலத்தின் துரு அடர்ந்த பழுப்பாக, கிட்டத்தட்ட கறுப்பாக, இரும்போடு ஒட்டி இறுகியிருக்கும். ஆசிட் ஊற்றி வரவழைத்தது செங்காவி நிறத்தில், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பூத்திருக்கும்.

பொன் தெரிந்தால் அதையும் கவனியுங்கள். இரும்பின் மேல் அரத்தால் குறுக்கும் நெடுக்கும் நுணுக்கமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பில் பொன் கம்பியை வைத்துத் தட்டிப் பதிப்பதை கோஃப்ட்காரி என்பார்கள். பொன் உதிர்ந்த இடத்தில் அந்தக் கீறல் வலை தெரியும். பூச்சாக ஏற்றிய முலாமுக்கு அடியில் அப்படி எதுவும் இருக்காது.

உருக்கு அலகு பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவையில், எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வகை எஃகுதான் மேற்கே போய் வூட்ஸ் என்று பெயர் எடுத்தது. ஒன்றேகால், ஒன்றரை சதவீதம் கரி ஏறிய அந்த எஃகைப் பதமாக அடித்தால், உள்ளே இருக்கும் கார்பைடு துகள்கள் வரிசை கட்டி, அலகின் மேல் நீர் ஓடிய மணல் போல ஒரு சாயலைக் கொடுக்கும். அது மிக மெல்லியது. சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் பிடிபடும். கடைகளில் இன்று 'டமாஸ்கஸ்' என்று விற்பதில் வரிகள் தடிதடியாக, கறுப்பு வெள்ளையாக, ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு வகை இரும்பை மடித்து அடித்து ஆசிடில் முக்கியது. அழகுக்கு வாங்கலாம், ஆனால் பழைய உருக்கு அதுவல்ல. சாயல் இருக்கிறதா என்று சோதிக்க உங்கள் அலகில் ஆசிட் தடவ யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. 1857-க்குப் பிறகு ஆயுதங்களைப் பறித்தார்கள், 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. ஆயுதம் செய்து பிழைத்தவர்கள் அலங்காரப் பொருள் செய்யத் திரும்பினார்கள். 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா முழுவதும் சுற்றியபோது சமஸ்தானங்கள் கொடுத்த பரிசுகளில் இப்படிப் பளபளக்கும் ஆயுதங்கள் நிறைய. பிடியை அழுத்தினால் அலகு கத்தரிக்கோல் போல விரிந்து உள்ளே மூன்றாவது அலகு தெரியும் கட்டாரிகளும் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டு விந்தை வேலைகள். சண்டைக்கு அவை உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அத்தனை இணைப்பும் ஒரு குத்துக்கே ஆட்டம் கண்டுவிடும். உதய்ப்பூரிலும் ஜெய்ப்பூரிலும் இன்றும் அலங்காரக் குத்துவாள்கள் செய்கிறார்கள், ஒட்டக எலும்புப் பிடி போட்டு. நல்ல கைவேலை, சுவருக்கு அழகு. புதுசு என்று சொல்லி விற்கும்வரை அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, பராமரிப்பு. மெல்லிய பருத்தித் துணியால் தூசியை மட்டும் எடுங்கள். கட்டாரியை ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒரு இரவு வையுங்கள். காலையில் தாளில் செங்காவிப் பொடி உதிர்ந்திருந்தால் துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்; தாள் சுத்தமாக இருந்தால் அவசரமில்லை. உதிரும் துருவை மட்டும் மூங்கில் குச்சியைச் சீவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டு, பொறுமையாகப் பெயர்க்கலாம். இறுகிய கறுப்பைத் தொடாதீர்கள், அதுவே அலகுக்கு மேல்தோல். எழுத்தோ முத்திரையோ இருக்கக்கூடிய இடத்தில், அதாவது பிடியை ஒட்டிய நாலு விரற்கடையில், குச்சியைக்கூடக் கொண்டுபோக வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொஞ்ச நாளில் அது சிக்கெண்ணெயாகிப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, அமிலமாகி இரும்பை அரிக்கும். தையல் மெஷின் எண்ணெயையே துணியில் நனைத்து, தெரிந்தும் தெரியாத அளவுக்கு ஒரு பூச்சுப் பூசுங்கள். அருங்காட்சியகங்களில் நுண்படிக மெழுகு பயன்படுத்துகிறார்கள், கிடைத்தால் அது இன்னும் நல்லது.

உறை இருந்தால் தயவுசெய்து கத்தியை அதற்குள் போட்டு வைக்காதீர்கள். தோலும் பழைய மரமும் ஈரத்தையும் அமிலத்தையும் வைத்திருக்கும், வெளியே தெரியாமல் உள்ளே அரித்துவிடும். கிழிந்த வெல்வெட் என்று உறையின் துணியைப் பிய்த்துப் போடாதீர்கள், அதன் நெசவைப் பார்த்தும் காலம் சொல்ல முடியும்.

ஆயுத பூஜை அன்று என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், நுனியில் ஒரு எலுமிச்சம்பழம். மறுநாள் பழத்தை எடுக்கும்போது நுனியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்திருக்கும். வருஷம் ஒருமுறை இது நடந்தால் நுனி எத்தனை காலம் தாங்கும்? பூஜையை விட வேண்டாம். கட்டாரியை ஒரு பட்டுத் துணியின் மேல் வைத்து, பொட்டைத் தாம்பாளத்தில் வையுங்கள். பழத்தைப் பக்கத்தில் வையுங்கள். இப்படிச் சொன்ன வீடுகளில் பெரியவர்கள் யாரும் மறுத்ததில்லை.

ஹாலில் மாட்டலாம். ஆனால் சமையலறைச் சுவரிலோ விளக்கேற்றும் இடத்துக்கு மேலேயோ வேண்டாம். கடலோர ஊர் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பெட்டிக்குள் கம்பளித் துணி விரிக்காதீர்கள், வெள்ளி வேலை இருந்தால் கறுத்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல், பூட்டோடு இருக்கட்டும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் 2016 விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள் எல்லாம் இருக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கு அல்லாத கத்தியில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தாலும் அதில் வரும். இவற்றை வைத்திருக்க உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதியில் அரசு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரணில் கிடைத்ததால் ஒரு சிக்கல் குறைந்தது. மண்ணைத் தோண்டி எடுத்திருந்தால் 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972 தொல்பொருள் சட்டப்படி நீங்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மருமகனுக்குப் பரிசாகக்கூட முடியாது. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும், விற்பதாக இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

விலையைப் படம்கூடப் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன். 'தஞ்சாவூர் அரண்மனைப் பொருள்' என்ற ஒரு வார்த்தைக்கே சிலர் பெரிய தொகை கேட்கிறார்கள், அதற்கு ஆதாரம் ஒன்றும் காட்டுவதில்லை. உங்களிடம் இருக்கும் ஆதாரம் வேறு. அது யார் வீட்டுப் பரண், அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், கட்டாரி பற்றி யாராவது ஏதாவது சொல்லிக் கேட்டதுண்டா என்று வீட்டில் வயதான அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்த மூலையில், எதில் சுற்றிக் கிடந்தது என்பதையும் சேர்த்து.

இனி படங்கள். காலை வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழும் நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முழுக் கட்டாரி இரண்டு பக்கமும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். பிடியும் அலகும் சேரும் இடம், இரண்டு பக்கமும், மிக நெருக்கத்தில். தகட்டின் முன்னும் பின்னும். குறுக்குக் கம்பிகளின் உள்பக்கம். அலகின் பள்ளத்தை மட்டும், பிடியிலிருந்து நாலு விரற்கடை தூரம், வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை. எழுத்து ஏதாவது இருந்தால் ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்தது மறுபக்கத்தில் தெரியும். அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.